அளவு வேறு, இன்ச் டேப் ஒன்று

(மே தினச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: 'உலகம் முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி: நடக்கும் காரியமே! நடக்காத காரியமே!' 'நடக்கும் காரியமே' அணியின் இரண்டாவது பேச்சு.)

இன்னிக்கு உழைக்கிறவங்களுக்கு எல்லாம் விடுமுறை. அடுப்படியில நிக்கிற அம்மாவுக்கு மட்டும் விடுமுறையும் கிடையாது, குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. அதுக்குத் தனியா ஒரு பட்டிமன்றம் போடணும் ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் அழகாக ஒரு கேள்வி கேட்டார்கள். "அமெரிக்காவுல ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிற கூலியை நம்ம ஊர் டீக்கடையில கொடுத்தா, ஒரு டீ என்ன விலை விக்கும்?" என்றார்கள். நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கிட்டாங்க. ஆனா அம்மா, ஒரே தொகையை உலகம் பூராவும் கொடுன்னு இந்த அணியில யார் கேட்டது?

தையல்கடைக்குப் போறோம். டைலர் கழுத்தில ஒரு இன்ச் டேப் தொங்குது. எனக்கும் அதே டேப்தான், நம்ம நடுவர் ஐயாவுக்கும் அதே டேப்தான். எனக்கு இடுப்பு முப்பத்திரண்டு வருது. ஐயாவுக்கு...

(நடுவர்: அதை ஏன்ப்பா ஊருக்கெல்லாம் சொல்றே? — பலத்த சிரிப்பு)

சரி, சொல்லலை. அளவு வேற வேற. ஆனா டேப் ஒண்ணு! ஆளுக்கு ஒரு டேப் வெச்சு அளந்தா அது தையல்கடை இல்லை, மோசடிக்கடை. நாங்கள் கேட்பது ஒரே கூலி அல்ல. ஒரே அளவுகோல். 'உழைக்கிறவனும் அவன் குடும்பமும் அந்த ஊர் விலைவாசியில் மானமாக வாழ எவ்வளவு தேவையோ, அதற்குக் கீழே எந்த நாட்டிலும் கூலி போகக் கூடாது.' இவ்வளவுதான் எங்கள் கட்சி.

அப்படி ஒரு டேப் இருக்கான்னு கேட்பீங்க. இருக்கு. 1907-ல் ஆஸ்திரேலியாவில் ஹிக்கின்ஸ் என்று ஒரு நீதிபதி. அறுவடை இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வழக்கு அவர் முன்னால் வந்தது. நியாயமான கூலி எது? அவர் முதலாளியின் லாபக் கணக்கைப் பார்க்கவில்லை. குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்தார். ஒரு தொழிலாளி, மனைவி, மூன்று பிள்ளைகள் சிக்கனமாக, ஆனால் கஷ்டமில்லாமல் வாழ எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, நாளுக்கு 7 ஷில்லிங் என்றார்.

நம்ம நாடு என்ன சும்மாவா? 1948-லேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டோம். 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வளர்ந்த ஆளுக்கு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். பிற்பாடு 1991-ல் உச்ச நீதிமன்றம், 'பிள்ளை படிப்பு, வைத்தியம், பண்டிகை, வயசான காலம், இதெல்லாம் எங்கே?' என்று பார்த்து, அதுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்கணும்னு சொன்னது. பண்டிகையைக் கூலிக் கணக்கில் சேர்த்த நாடு ஐயா இது! (கைதட்டல்) சாப்பாடு, துணி, வீடு, படிப்பு. இது திருப்பூருக்கும் பொருந்தும், டாக்காவுக்கும் பொருந்தும், டெட்ராய்ட்டுக்கும் பொருந்தும். விலையை மட்டும் அந்தந்த ஊரில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

'அப்போ அவனவன் நாட்டுல அவனவன் சட்டம் போட்டுக்கட்டுமே, உலகத்துக்குப் பொதுவா எதுக்கு?' இது எதிரணித் தலைவர் கேட்டது. இங்கேதான் விஷயமே இருக்கு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்டு. அதாவது பன்னிரண்டு மணி நேரம். "ஏங்க்கா, ஒரு ஷிப்டோட வீட்டுக்குப் போகக் கூடாதா?"ன்னு கேட்டேன். அந்த அக்கா சொன்னாங்க: "ஒரு ஷிப்டு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போயிருதுங்க தம்பி. அந்த அரை ஷிப்டுதான் புள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸு. நான் வீட்டுக்குப் போறப்ப அவ தூங்கியிருப்பா. காலையில எந்திரிச்சாத்தான் மூஞ்சியப் பாக்கறது."

பிள்ளையைப் படிக்க வைக்கணும்னா பிள்ளையைப் பார்க்கக் கூடாது. என்ன கணக்கு ஐயா இது?

சரி, அந்தக் கம்பெனி முதலாளியைக் கேட்டால் அவரும் கண்ணைக் கசக்குவார். நடிப்பு இல்லை, நிஜம். வெளிநாட்டு பையர் வந்து உட்கார்ந்து, "இதே பீஸை பங்களாதேஷில் இன்னும் குறைச்சுத் தர்றாங்களே" என்பான். இவர் விலையை இறக்குவார். நூல் விலையை இறக்க முடியாது, சாய விலையை இறக்க முடியாது, கரண்ட் பில்லை இறக்க முடியாது. கடைசியில் எதை இறக்குவார்? தையல் கூலியை. அதே பையர் டாக்காவுக்குப் போய், "இன்னொரு நாட்டில் இதைவிடக் குறைச்சல்" என்பான். ஏலம் தெரியும் நமக்கு. ஏலத்தில் விலை ஏறும். இது தலைகீழ் ஏலம். இறங்க இறங்கத்தான் ஆர்டர்!

அந்த ஏலம் எங்கே போய் நின்றது? 2013 ஏப்ரல் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர். ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் கம்பெனிக்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் லேட்டாகக் கூடாதே! 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி மாசத்துக்கு 3,000 டாக்கா. விரிசல் விட்ட கட்டடத்துக்குள்ள ஒரு தாய் ஏன் போனா? ஒரு மாசச் சம்பளம் போனா சோறு இல்லைன்னு போனா. கூலி குறைஞ்சா வயிறு மட்டுமா காயும்? 'வர மாட்டேன்'னு சொல்ற தைரியமும் போயிடும். (நீண்ட கைதட்டல்)

அதற்கப்புறம் அங்கே 5,300 ஆச்சு, 2018-ல் 8,000 ஆச்சு. 2023-ல் தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். உயிர்ப்பலியும் ஆனது. கிடைத்தது 12,500. பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை? 'ஆர்டர் வேறு நாட்டுக்குப் போயிடும்' என்ற பயம். ஒரு நாடு தனியா ஏத்தினா அது பயப்படும். எல்லா நாடும் சேர்ந்து ஏத்தினா யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உண்டாக்கியவர்கள் அதன் சாசனத்தின் முகவுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: ஒரு நாடு தன் தொழிலாளியை மனுஷனாக நடத்தத் தவறினால், நடத்த நினைக்கிற மற்ற நாடுகளுக்கும் அது முட்டுக்கட்டை.

இப்போ 'நடக்குமா'வுக்கு வர்றேன். நடக்குமான்னு என்ன ஐயா கேள்வி? நடந்துகிட்டே இருக்கு! எங்கே? கடல்ல!

1946-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடி, தேர்ந்த மாலுமி ஒருவனுக்கு மாச அடிப்படைச் சம்பளம் 16 பவுன் அல்லது 64 டாலருக்குக் குறையக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போதுமான நாடுகள் கையெழுத்துப் போடவில்லை, அமலுக்கு வரவில்லை. இந்த இடத்தில் எதிரணி கைதட்டலாம். (சிரிப்பு) ஆனால் அவர்கள் விடவில்லை. 2006-ல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வந்தது. 2013-ல் அமலுக்கு வந்தது. இன்றைக்கு நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. கப்பல் முதலாளிகளும் மாலுமிச் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொகையைப் பேசுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது மாசத்துக்கு 673 டாலர் என்று வைத்தார்கள். அவன் மணிலாக்காரனா, நம்ம தூத்துக்குடிக்காரனா என்று அந்தத் தொகை கேட்காது. கடலில் ஓடும் கப்பலுக்கு ஒரு தரைமட்டம் போட முடிந்தவர்களுக்கு, தரையில் நிற்கும் தொழிற்சாலைக்குப் போட முடியாதா? (கைதட்டல்)

எதிரணி கேட்கும், அது கட்டாயச் சட்டமா, வழிகாட்டும் அளவுதானே என்று. ஆமாம், வழிகாட்டும் அளவுதான். ஆனால் சங்கங்கள் ஒப்பந்தம் பேசும்போது அதுதான் அஸ்திவாரம். பேசிய சம்பளத்தைக் கொடுக்காத கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்தி வைக்க அந்த உடன்படிக்கையில் வழி இருக்கிறது.

அடுத்து, 'கூலி ஏறினா வேலை போயிடும்'. நியாயமான பயம். 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றினார்கள். பக்கத்து பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கமும் துரித உணவுக் கடைகளில் ஆளை எண்ணிப் பார்த்தார்கள். கூலி ஏறிய பக்கம் வேலை குறையவில்லை. 1994-ல் கட்டுரை வந்தது, கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு வந்தது. எவ்வளவு ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. மருந்தும் அளவோடதான். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு வழி சொன்னது. நாட்டில் கூலி வாங்குகிற எல்லோரையும் கூலிப்படி வரிசையில் நிறுத்து. நட்ட நடுவில் நிற்பவன் வாங்குவதில் 60 சதவீதத்தை ஒரு அளவாக வைத்துப் பார். நாட்டுக்கு நாடு தொகை மாறும். டேப் ஒன்று!

எதிரணியின் பெரிய அஸ்திரம் ஒன்று பாக்கி. 'இது பணக்கார நாடுகளின் சூழ்ச்சி. நம்ம ஏற்றுமதியைத் தடுக்கப் பார்க்கிறான்.' 1996-ல் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக மாநாட்டில் இந்தியா உட்பட வளரும் நாடுகள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தன. எதிர்த்ததில் நியாயம் இருந்தது. வரியும் தடையும் போடும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தால், தொழிலாளி பெயரைச் சொல்லித் தங்கள் முதலாளியைத்தான் காப்பாற்றுவார்கள். அதனால் நாங்கள் சொல்வது: அளவை அந்தந்த நாட்டின் அரசும் முதலாளியும் சங்கமும் உட்கார்ந்து நிர்ணயிக்கட்டும், டேப் மட்டும் பொதுவாக இருக்கட்டும். அந்தக் கூலிக்கு ஏற்ற விலையைப் பையர் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் அவன் கையைக் கட்டட்டும். ரானா பிளாசாவுக்குப் பிறகு 2013-ல் கட்டடப் பாதுகாப்புக்கு அப்படித்தானே செய்தார்கள்? பெரிய பெரிய பிராண்டுகள் எல்லாம் சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. கட்டடத்துக்குப் போட்ட கையெழுத்தைக் கூலிக்கும் போடட்டும்!

'நம்ம நாட்டிலேயே சட்டக் கூலி எல்லாருக்கும் கிடைக்கலையே'ன்னு கடைசியா ஒரு கேள்வி வரும். உண்மைதான். வீட்டு வேலை, செங்கல் சூளை, சின்ன ஜாப் ஒர்க் யூனிட், இங்கெல்லாம் சட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதுக்காக? ஊர்ல திருடன் இருக்கான்னு பூட்டு செய்றதையா நிறுத்துறோம்? ரெண்டு பூட்டாப் போடுறோம்! (சிரிப்பு, கைதட்டல்) முதலில் ஏற்றுமதித் தொழிலில் தொடங்குவோம். அங்கே ஆர்டருக்குக் கணக்கு இருக்கு, பையருக்கு விலாசம் இருக்கு. அப்புறம் படிப்படியாக மற்ற தொழிலுக்கு.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க. முடிச்சிடுறேன் ஐயா. 2021-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, பெரிய கம்பெனிகளுக்கு 15 சதவீதம் குறைந்தபட்ச வரி என்று ஒப்புக்கொண்டன. அதில் ஆயிரம் சிக்கல் வந்தது, இன்னும் வரும். ஆனால் 'நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு வரியைக் குறைத்தால் எல்லோருக்கும் நஷ்டம்' என்று புரிந்தது அல்லவா? வரிக்குப் புரிந்தது கூலிக்குப் புரியாதா?

2024-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வாழ்வதற்கான கூலி என்றால் என்ன என்று வரையறை சொன்னது. அதில் ஒரு வார்த்தை முக்கியம்: அது 'வழக்கமான வேலை நேரத்தில்' கிடைக்க வேண்டும். ஓவர்டைமில் அல்ல, ஒன்றரை ஷிப்டில் அல்ல. எட்டு மணி நேரம் உழைத்தால் குடும்பம் நடக்க வேண்டும். மிச்ச நேரம் அந்தத் தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் சொந்தம். மே தினம் பிறந்ததே அந்த எட்டு மணி நேரத்துக்காகத்தான் ஐயா!

ஆகவே, உலகம் முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும், அது நடக்கும் காரியமே, நடத்தியே தீர வேண்டிய காரியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)