அந்த எஸ்டிமேட்டைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் குடிநீர்த் தொட்டி கழுவிய பில்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். 1,200 ரூபாய் அதிகமா, சரிதானா என்று ஆளாளுக்குக் கேட்டோம். அன்றைக்கு அதிகமாகக் கேள்வி கேட்டவன் நான்தான். வீட்டுக்குப் போனதும் என் மனைவி சொன்னார்: "தொட்டிக்கு இவ்வளவு கேக்கறீங்க. போன வருஷம் காருக்குப் பதினஞ்சாயிரத்துச் சொச்சம் கட்டிட்டு வந்தீங்களே, அதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் பில்லைத் திருப்பி அனுப்பியவன். ஆனால் அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஏ.சி. அறை, கையில் காபி, எதிரே டை கட்டிய பையன், அவன் சொல்கிற வார்த்தைகளில் பாதி புரியவில்லை. "அது என்ன?" என்று கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். 15,850 ரூபாயைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கரும்பு வண்டியை எடைமேடையில் ஏற்றிவிட்டு எடையை எட்டிப் பார்க்காத விவசாயி நம் பக்கத்தில் உண்டா? நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அந்தப் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். காரோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலையும் முதல் முறையாகப் பிரித்தேன். பில்லில் என்ஜின் ஆயில் 4 லிட்டர் என்று இருந்தது. ஃபில்டரோடு சேர்த்து மாற்றினாலே 3.1 லிட்டர்தான் என்று மேனுவல் சொல்கிறது. மிச்சம் ஆயில் எங்கே போனது? ஒரு வருடம் கழித்து யாரைப் போய்க் கேட்பது?

இந்த வருடம் 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் வந்தது. வண்டியை விட்ட ஒரு மணி நேரத்தில் போனுக்கு எஸ்டிமேட் வந்தது: 19,600 ரூபாய். இந்த முறை மேனுவலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போனேன். "அந்த எஸ்டிமேட்டைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லுங்க" என்றேன். பையன் முகம் சுளிக்கவில்லை, உட்கார்ந்து சொன்னான். அதையும் சொல்லவேண்டும்.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் பத்தி, மேனுவலில் இந்தக் கிலோமீட்டருக்கு எழுதியிருப்பது. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வீல் அலைன்மென்ட், பேலன்சிங், லேபர். இவை 7,300 ரூபாய்.

இரண்டாவது பத்தி, தேய்மானத்தைப் பார்த்து மாற்றவேண்டியது, காலத்தைப் பார்த்து மாற்றவேண்டியது. முன் பிரேக் பேட் 2,900, பிரேக் ஆயில் 350. ஆக 3,250.

மூன்றாவது பத்தி, மேனுவலில் எங்கே தேடினாலும் இல்லாதது. என்ஜின் ஃப்ளஷ் 650, இன்ஜெக்டர் கிளீனிங் 1,450, ஏ.சி. ட்ரீட்மென்ட் 1,350, த்ராட்டில் பாடி கிளீனிங் 750, வண்டிக்கு அடியில் துருத் தடுப்புப் பூச்சு 3,200, உள்ளே சுத்தம் செய்ய 1,300, என்ஜினுக்குப் பளபளப்பு 350. கூட்டினால் 9,050 ரூபாய். எஸ்டிமேட்டில் ஏறக்குறைய பாதி!

"என்ஜின் ஃப்ளஷ் எதுக்குத் தம்பி? ஆயிலைத்தான் சொன்ன தேதிக்கு மாத்தறோமே?"

"செஞ்சா நல்லது சார்."

"செய்யலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது சார்."

"வண்டி திக்குதா? மைலேஜ் குறைஞ்சிருக்கா? இன்ஜெக்டரை எதுக்குக் கழுவணும்?"

பையன் சிரித்துவிட்டான். "எங்களுக்கும் மாசத்துக்கு டார்கெட் இருக்கு சார்" என்றான். அவனும் யாரோ வீட்டுப் பிள்ளைதான், சம்பளத்துக்கு வேலை செய்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவன் டார்கெட்டை என் பென்ஷனில் முடிக்கவேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

இந்த மூன்றாவது பத்தி வேலைகளெல்லாம் எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஏ.சி. போட்டதும் நாற்றம் அடித்தால் அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். வண்டி திக்கினால் இன்ஜெக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். கோளாறு எதுவும் இல்லாதபோது ஏன் என்பதுதான் கேள்வி.

இதுவரை சொன்னது என் வெற்றிக் கதை. இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. இதற்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது பத்தியை அடித்த வேகத்தில் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. இரண்டாவது பத்தியையும் அடித்தேன். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றேன். "மாத்திடுங்க சார், தேஞ்சிருக்கு" என்று அவன் இரண்டு முறை சொன்னான். இதுவும் டார்கெட்தான் என்று நினைத்துக்கொண்டேன். 19,600 ரூபாயை 7,300 ஆக்கிவிட்டு வந்து தெருவெல்லாம் பெருமை பேசினேன். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த மாதம் மகள், மருமகன், பேத்தியோடு கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலை வரை போய்விட்டு மாலையில் கச்சிராயபாளையம் பக்கம் இறங்கினோம். மலைப்பாதை, வண்டியில் ஐந்து பேர். நான் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி தூரத்தில் ஏதோ கருகுகிற வாடை. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின்னால் பேத்தி பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. முதல் கியருக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மேட்டோரமாக ஒதுக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மறுநாள் நம் ஊர் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பேட் தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. பிரேக் ஆயில் டிக்காஷன் மாதிரிக் கறுத்திருந்தது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். நம் கார்களில் பரவலாக இருக்கும் டாட் 4 வகைக்குத் தரக்கணக்கு இருக்கிறது: புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகும். ஆவி அமுங்கிவிடும், அதனால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பேட் தேயத் தேய அந்தச் சூடு ஆயிலுக்குச் சீக்கிரம் போகும். பேட், ஆயில் இரண்டும் மாற்ற அவரிடம் 2,300 ரூபாய் ஆனது.

மேனுவலை மறுபடி பிரித்தேன். மலைப்பாதை, புழுதி, நின்று நின்று ஓட்டுவது இதெல்லாம் இருந்தால் சில வேலைகளை முன்கூட்டியே செய்யுங்கள் என்று தனிப் பட்டியலே இருக்கிறது. கணக்குப் பார்த்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. மலை அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்குத்தான் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே, கேள்வி கேட்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. "தேஞ்சிருக்கு" என்றால் "கழற்றிக் காட்டுங்க தம்பி" என்று நான் கேட்டிருக்கவேண்டும். காட்டியிருப்பான், நானும் மாற்றியிருப்பேன். கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் மறுத்ததுதான் என் தப்பு.

அடுத்து, பலருக்கும் இருக்கும் பயம்: "வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமே?" இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கார் கம்பெனிகள் தடுக்கின்றன என்று ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மூன்று கம்பெனிகள் மேல் தொடங்கிய விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டுக்குப் போன சில கம்பெனிகளின் அபராதக் கணக்கை 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் மாற்றியது. ஆனால் அவர்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

அந்த 2014 உத்தரவில் நமக்கு வேண்டிய வரி ஒன்று உண்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வோம் என்று நிபந்தனை போடக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். இது கையில் இருக்கிறது என்பதற்காக வாரண்டி காலத்தில் அலட்சியமாக இருக்காதீர்கள். மேனுவல் சொன்ன தேதிக்கு, சொன்ன தர ஆயிலைப் போட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமும் தொடங்கியிருக்கிறது. கார் கம்பெனிகளும் அதில் ஒரு பிரிவு.

நடைமுறைக்குச் சில விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யவேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு, மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதுப் பாகத்தின் அட்டைப் பெட்டியையும் கேளுங்கள். அதில் எம்.ஆர்.பி. இருக்கும். வரியெல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தைப் பில்லில் பார்த்தால் கேளுங்கள்.

மூன்று, நம் ஊர் மெக்கானிக்கிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள், பில் வாங்குங்கள். போலிப் பாகம் சிறிய பட்டறையிலும் வரலாம். தெரிந்தவர் என்பதற்காக விட்டுவிடக்கூடாது.

நான்கு, பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கையில் பில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, பணத்தோடு சம்பந்தம் இல்லாதது. மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். சர்வீஸ் செய்தவர்கள் வண்டி மாடல், கிலோமீட்டர், செய்த வேலை, கட்டிய தொகை நான்கையும் எழுதட்டும். அடுத்து போகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம். தனியாகக் கேட்கத்தான் கூச்சம். பத்துப் பேர் கணக்கு கையில் இருந்தால் கூச்சம் இருக்காது.

என் மூன்று பத்தித் தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டித் தருகிறேன். இரண்டாவது பத்திக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.



(உரைக்குப் பின், சர்வீஸ் பதிவு நோட்டு வைக்க உறுப்பினர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டனர். நோட்டு சங்க அலுவலகத்தில் உள்ளது. உறுப்பினர்கள் பதிவு செய்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.)