ஈராசிரியர் பள்ளியில் ஒரு வாரம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்தபின், நம் ஊர்த் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்குச் சிறிது நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. பள்ளி என்றவுடன் கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை என்று கோரிக்கைகளை அடுக்குவதே இத்தகைய கூட்டங்களில் வழக்கம். அவையும் தேவைதான். ஆனால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சுவரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் எங்களுக்கே ஒரு கூச்சம் ஏற்பட்டது. ஆகவே, தலைமையாசிரியரின் இசைவுடன், கடந்த ஐப்பசி முதல் குழு உறுப்பினர் இருவர் வீதம் முறைவைத்து வகுப்பறையில் போய் அமர்ந்தோம். கண்டதைக் கண்டவாறே சொல்கிறோம்.

நம் பள்ளி ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள். பிள்ளைகள் முப்பத்தொரு பேர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே. கணக்குப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பதினாறு பிள்ளைகள்தானே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தபிறகு அந்த எண்ணம் மாறியது. முதல் மூன்று வகுப்புகள் ஓர் அறையில். நான்கும் ஐந்தும் அடுத்த அறையில். ஓர் ஆசிரியை ஒரே வேளையில் 'அ' எழுதப் பழகும் குழந்தையையும், பத்தி வாசிக்கும் குழந்தையையும், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் விழிக்கும் குழந்தையையும் கவனிக்கிறார். நம்மில் கடை நடத்துவோருக்கு இது ஓரளவு புரியும். ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளர் வந்து நின்றால் எப்படியிருக்கும்? அங்கே அது நாள் முழுவதும் நடக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து தொடங்குவோம். காலை எட்டேகால் மணிக்கெல்லாம் சமையற்கூடத்தில் மணம் வந்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பொங்கல், உப்புமா, கிச்சடி என்று கிழமைக்கு ஒன்றாக, மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகள் சமைக்கிறார்கள். இரவில் கடலுக்குப் போன தந்தை திரும்பி வராத வீட்டில், விடியலில் மீன் ஏலக்கூடத்திற்கு ஓடும் தாய்க்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் முதல் நாளே எங்கள் கண்ணில் பட்டது, நிரம்பாத பந்தி. பதினோரு பிள்ளைகள் வரவில்லை. விசாரித்ததில் அவர்கள் அனைவரும் மக்தப் மாணவர்கள் என்று தெரிந்தது. மக்தப் எட்டரைக்கு முடிகிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தட்டுகள் கழுவப்பட்டுவிடுகின்றன. அந்தப் பிள்ளைகள் மதியச் சத்துணவு வரையில் வெறும் வயிற்றோடு கணக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை மாதங்களாக? யாருக்கும் தெரியவில்லை. இதில் எவர் மீதும் குற்றமில்லை. மதரஸாவின் நேரத்தை நிர்ணயித்ததும் நாம்தாம். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதும் நாம்தாம். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை, அவ்வளவே. ஹஜ்ரத் அவர்களிடம் சொன்ன மறுநாளே, மக்தப் கால்மணி நேரம் முன்னதாகத் தொடங்கி எட்டு மணி பத்து நிமிடத்திற்கு முடியும்படி மாற்றித் தந்தார்கள். பள்ளிப் பையையும் காலையிலேயே கொண்டுவரச் சொல்லிவிட்டோம். இப்போது பந்தி நிரம்புகிறது. இந்த ஆண்டு நாங்கள் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் பணிகளில் காசு செலவில்லாமல் முடிந்தது இது ஒன்றே.

மக்தபைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பெயரைப் பலகையில் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினான். ஆசிரியை சிரித்துக்கொண்டே, "காலையில் அப்படி, இப்போது இப்படி" என்று கையைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். விடிந்ததும் வலமிருந்து இடம், பத்து மணிக்கு இடமிருந்து வலம் என ஐந்து வயதில் இரு திசைகளைக் கையாளும் பிள்ளைகளை நாம் மந்தம் என்று திட்டிவிடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் பயிற்சி நூலோடு போய்விடுகிறது. அதில் விரித்துரைக்க ஒன்றுமில்லை. புதன்கிழமையைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாங்கள் அமர்ந்த ஒரு புதனன்று தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் கூட்டத்திற்குச் சென்றிருந்தார். எஞ்சியவர் ஒரே ஆசிரியை. ஐந்து வகுப்புகளையும் ஓர் அறைக்குக் கொண்டுவந்தார். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருவரை முதல் வகுப்போடு உட்காரவைத்து எழுத்து அட்டைகளைக் கொடுத்தார். நான்காம் வகுப்பினரைச் சுவரோரம் தரையையொட்டி அமைந்த தாழ்வான கரும்பலகைக்கு அனுப்பினார். அந்தக் கரும்பலகைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையின் மிச்சம் அவை. ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து அதற்கு வித்து கிடைத்தது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படிபோல ஏறிச் செல்வதே அதன் அடிப்படை. ஒரு வகையில், நம்முடையதைப் போன்ற சிறு பள்ளிகளை மனத்தில் கொண்டே பிறந்த முறை அது. திட்டத்தின் பெயர் மாறிவிட்டது; பலகை மட்டும் குழந்தையின் உயரத்திலேயே நிற்கிறது.

2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்வதற்காகக் கொண்டுவரப்பட்டது இது. முதலில் மூன்றாம் வகுப்பு வரையிலும், அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரையிலும் நடைமுறைக்கு வந்தது. எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதைவிட, எதை வாசிக்க முடிகிறது என்பதே இங்கே கணக்கு. நான்காம் வகுப்பில் அரும்பு நிலையில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை வெளிநாட்டில், தாய்க்கு உடல்நலம் இல்லை. அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. அன்று அந்த ஆசிரியை, முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டும் வேலையை அவனிடம் தந்தார். தன்னிலும் சிறியவர்கள் முன்னிலையில் அவனுக்கு வெட்கமில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு வாசித்தான். குழந்தைகள் அலுக்காமல் கேட்டார்கள். தை மாதத்தில் நாங்கள் மீண்டும் சென்றபோது அவன் மொட்டு நிலைக்கு வந்திருந்தான். கைக்கணினியில் பதிவேற்றும்போது அது ஒரு சொல் மாற்றம்தான். அந்த வீட்டில் அது எப்படிப்பட்ட செய்தி என்பதை அவன் தாயார் கண்கலங்கிச் சொல்லக் கேட்டோம்.

இத்தனையும் ஒருவர் செய்துகொண்டிருக்கும்போதே கைப்பேசி மூன்று முறை ஒலித்தது. வருகைப் பதிவு ஏன் ஏறவில்லை, விவரம் ஏன் வரவில்லை என்ற கேள்விகள். பதிவேடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும், ஐந்து வகுப்புகளோடு தனித்து நிற்கும் ஒருவரை அந்த நேரத்தில் அழைக்காமலிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

வியாழக்கிழமை பிற்பகல் வாசிப்பு நேரம். நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்குக் கல்வித் துறை வெளியிட்ட 'ஊஞ்சல்' இதழ்கள் நைந்துபோகும் அளவுக்குப் புரட்டப்பட்டிருக்கின்றன. கதை சொல்ல வெளியாட்கள் வந்தால் பிள்ளைகளின் முகமே மாறுகிறது. கடலைப் பற்றி, வலை பின்னுவதைப் பற்றி, கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16-ஆம் தேதி இரவைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னால் அவர்கள் கேட்க ஆயத்தமாக இருக்கிறார்கள். அந்தப் புயலில் பள்ளி முற்றத்து வேம்பு சாய்ந்ததை இன்றைய பிள்ளைகள் அறியார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஊராரின் ஏச்சுப் பேச்சைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஏறிய நம் சமுதாயப் பெண் ஜமீலா பீவியும் இடம்பெற்றிருக்கிறார். அக்கட்டுரையின் இந்தி வடிவம் தேசியப் பாடநூலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் படித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வார் இல்லை. அன்று அறிவொளி வகுப்பில் விளக்கொளியில் எழுத்தறிந்த தாய்மார்கள் சிலர் இன்றும் நம் தெருக்களில் பாட்டிமார்களாக இருக்கிறீர்கள். ஒரு வியாழக்கிழமை நீங்கள் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமையன்று நான்காம் ஐந்தாம் வகுப்பு ஆண் பிள்ளைகள் ஜும்ஆவுக்கு வருகிறார்கள். தொழுகை முடிந்ததும் சிலர் பள்ளிக்குத் திரும்பாமல் கடைத்தெருவில் நின்றுவிடுகிறார்கள். இளைஞர் இருவர் அவர்களைக் கூட்டிச் சென்று வகுப்பில் விட்டு வருவதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அதை விடாமல் செய்ய வேண்டும்.

இனி, நாங்கள் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகிறோம். இந்த முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் ஐந்தாம் வகுப்பு. சித்திரையோடு அவர்கள் வெளியேறுகிறார்கள். புதிதாகச் சேர்ப்பதாக இதுவரை வாக்களித்திருப்பவை மூன்று குடும்பங்கள். தினமும் காலை நம் தெருமுனையில் வேன் ஏறும் பிள்ளைகள் இதைவிடப் பலர். வேனில் அனுப்புவோரைக் குறைகூற எங்களுக்குத் தகுதியில்லை. இக்குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் இடம்பெற்ற இருவரின் பிள்ளைகளே அந்த வேனில்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவர், வகுப்பறையில் வந்து அமர்ந்த பிறகு, தம் இளைய மகளை இங்கே சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். அவர் சேர்ப்பதாகச் சொன்னதும் அந்த மூன்றில் ஒன்று.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2019-இல் மாணவர் எவரும் இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதென அரசு முடிவெடுத்தது. அறந்தாங்கியை அடுத்த குளத்தூரில் தொடக்கப் பள்ளி அவ்வாறு நூலகமாயிற்று. ஊரார் விழித்துக்கொண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்ததால், அந்தப் பள்ளி சில நாட்களிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைக்குமென்று எண்ணி இருப்பது சரியாகாது.

பெற்றோர் கணக்கில் எடுக்க வேண்டியவை வேறு சிலவும் உள்ளன. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் ஆறாம் வகுப்பு முதலான படிப்புதான் கணக்கு என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆயினும் ஐந்தாம் வகுப்பு வரை வேனில் போன பிள்ளையை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றும் வீடுகள் மிகக் குறைவு.

அடுத்து நடக்கவிருப்பவை. நோன்பு தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துச் செல்கிறோம். காலையில் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம், 1910-இல் நிறுவப்பட்டது. பிற்பகல் சித்தன்னவாசல். அங்கே ஓவியத்தைவிட, ஏழடிப்பட்டத்தின் கற்படுக்கையில் உள்ள தமிழ் பிராமி எழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மொழியை எழுதிய கோடுகளைக் கண்டால், கொம்புக்கும் காலுக்கும் அல்லாடும் பிள்ளைகளுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும் என்கிறார். பாறையில் ஏறும் வழி செங்குத்தானது. ஆகவே நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆட்கள் வேண்டும்.

2024-லும் 2025-லும் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1-ஆம் தேதியே மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டது. ஜூன் வரை காத்திருப்பது நமக்கு ஒத்துவராது. மார்ச் முதல் வாரத்தில் தெருவுக்கு இருவராக வீடு வீடாக வருகிறோம். கேள்விகள் இருந்தால் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். ஆங்கிலம் பேச வருமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று அறிவோம். அதற்கு வீட்டு வாசலில் நின்று பதில் சொல்வதைவிட, பங்குனியில் நடக்கவிருக்கும் ஆண்டு விழாவில் பிள்ளைகளே மேடையேறிப் பதில் சொல்வார்கள். மழைக்காலத்திற்கு முன்னர், சாய்ந்த வேம்பின் இடத்தில் இரண்டு கன்றுகள் நட வேண்டும். குழி இப்போதே வெட்டியாயிற்று.

சுற்றுலாவுக்கு வண்டி தரக்கூடியவர்களும், உடன்வர இசைபவர்களும், வியாழக்கிழமைகளில் கதை சொல்ல வருபவர்களும் இன்று இஷாவுக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். பெண்கள் தங்கள் பெயரைச் சமையற்கூடத்தில் உள்ள சகோதரிகளிடம் சொன்னால் போதும். ஏட்டில் முதல் பெயராக, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.