கம்பளத்தில் நெய்த யுத்தம்

(நமது சங்கத்தின் வருஷாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தறியொலி கேட்டு வளர்ந்த நம்மவர் முன்னிலையில் நெசவைப் பற்றிப் பேசுதல் கொல்லத் தெருவில் ஊசி விற்பதையொக்கும். ஆயினும், நாம் நெய்தறியாத ஒரு பொருளைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். அஃது ஆப்கானிஸ்தான தேசத்தார் நெய்த யுத்தக் கம்பளமாகும்.

அந்நாட்டில் ரத்தினக் கம்பளம் நெய்தல் தொன்றுதொட்டு வரும் தொழில். பெரும்பாலும் பெண்டிர் கைத்தொழில். நம் புடவையைப்போல் பாவும் ஊடையும் மட்டுமே கொண்டு அஃது உருவாவதன்று. பாவு நூலை இரண்டிரண்டாகப் பற்றி, சாயமேற்றிய ஆட்டு ரோமத்தை அதில் முடிந்து அறுப்பர். ஒரு வரிசை நிறைந்தபின் ஊடையைச் செலுத்திச் சீப்பினால் அடித்து இறுக்குவர். மாதக்கணக்கில் நடைபெறும் வேலை இது. பூவும் கொடியும் பறவையும் பூச்சாடியும் வழிவழி வந்த சித்திரங்களுட் சில.

1979-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சோவியத் சேனை அந்நாட்டினுட் புகுந்தது. 1989 பிப்ரவரியில் வெளியேறிற்று. இடையே இலட்சக்கணக்கான மக்கள் பாகிஸ்தானத்திலும் ஈரானிலும் அகதிகளாயினர். அக்காலத்தே கம்பளச் சித்திரமும் மாறிற்று. பூ நின்ற இடத்தில் டாங்கி நின்றது. பறவை பறந்த இடத்தில் ஹெலிகாப்டர் பறந்தது. தொழின்முறையோ மாறவில்லை; அதே ரோமம், அதே முடிச்சு. எட்ட நின்று நோக்குவார்க்குச் சில பூங்கம்பளமாகவே தோன்றும். கிட்டச் சென்றாலன்றோ துப்பாக்கி புலப்படும்! முடிச்சுத் தொழிலில் வளைகோடு படிக்கட்டாகவே விழும் என்பதை நீவிர் அறிவீர். ஆதலின் கோணம் மிகுந்த டாங்கி அதற்கு நன்கு பொருந்திவிட்டது. இதனை எண்ணுந்தோறும் என் உள்ளம் நடுங்குகின்றது.

"அன்னியர் விரும்பி வாங்கியதனால் நெய்தார்கள், இதில் துயரம் எங்கே?" என்று வினவுவாரும் உளர். பிறநாட்டு வணிகர்க்கும் போர்வீரர்க்கும் அவை விற்பனையானது மெய்யே. 2001-ல் நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த பின்னர், அக்காட்சியையும் நெய்து விற்றனர். பல கம்பளங்களில் ஆங்கில எழுத்துக்கள் பிழைபட்டும் புரண்டும் காணப்படுகின்றன. எழுத்தறியாதார் அவற்றையும் சித்திரமாகவே எண்ணி முடிந்தனர் போலும். ஆனால் அவ்வினாவை நாம் வினவலாமோ? கூலிக்கு நெய்யாத சேலை நம் தெருவில் எது? பசிக்கு நெய்தமையால், கண்ணாற் கண்டது பொய்யாகிவிடுமா? போரை நேரே கண்டு நெய்தவரும் இருப்பர். பிறர் நெய்ததைப் பார்த்து நெய்தவரும் இருப்பர். எது எவர் கைப்பட்டதெனப் பிரித்தறிதல் அரிது.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இத்தகைய கம்பளங்கள் உள்ளன. கானடாவின் டொரான்டோ நகரத்து நெசவுக் காட்சிசாலையில் 2008-ல் இவற்றுக்கெனவே கண்காட்சி நடந்தது. வாங்கினார் பெயரும் அளித்தார் பெயரும் இத்தகைய இடங்களில் எழுதப்பெறுவதுண்டு. நெய்த பெண்டிர் பெயரைக் காண்பது அருமை. நம் பாட்டியர் பெட்டியிலுள்ள பட்டிலும் நெய்தவர் பெயர் இல்லையே என்பீர், உண்மைதான்.