வெளியூர் செட்டும் உள்ளூர் செட்டும்

(கிராமியக் கலைஞர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கரகம் எடுப்பவர்களும், தவில்காரர்களும், பறையடிப்பவர்களும், வில்லுப்பாட்டுக்காரர்களும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்களுக்குக் கரகம் எடுக்கத் தெரியாது. தாளம் போடச் சொன்னால்கூடத் தப்பும். ஆனால் கூலி என்றால் என்ன, அதை இடையில் நின்று தின்பவன் யார் என்பது கொஞ்சம் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

"வெளியூர் போய் ஆட வாய்ப்பை எங்கே தேடுவது?" என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். முதலில் பஞ்சாங்கத்தில் தேடுங்கள் என்கிறோம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மதுரை, விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கம் மாசியிலிருந்து வைகாசி வரை அம்மன் கோயில் திருவிழாக்கள் மும்முரம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கொடை விழாக்கள். அங்கே செவ்வாயும் வெள்ளியும்தான் முக்கியம். சென்னை, காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள், தெருவுக்குத் தெரு மேளம் கேட்கிறார்கள். புரட்டாசி வாக்கில் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா. அப்புறம் மழை. மழை மாதங்களில் தவிலை உறையில் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகாதவர் இந்தப் பந்தலில் எத்தனை பேர்? ஆக, ஓர் ஊரில் செட்டு சும்மா இருக்கும் மாதத்தில் இன்னோர் ஊரில் செட்டு போதவில்லை. தரகர்கள் பிழைப்பது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். எந்த ஊரில் எந்த வாரம் மேளம் வேண்டும் என்பது அவர்கள் நோட்டில் இருக்கிறது. நம் நோட்டில் இல்லை.

ஒரு தசராவின்போது நடந்ததைச் சொல்லுகிறோம். தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு கிராமம்; பெயர் வேண்டாம். குலசைத் திருவிழாவுக்கு ஊருக்கு ஊர் தசரா குழு அமைத்து, வேஷம் கட்டி, காணிக்கை பிரித்து, மேளம் அமர்த்துவது உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்க் குழுவுக்கு வருஷா வருஷம் பக்கத்து ஊர் செட்டுதான் அடிக்கும். அந்த ஆண்டு அவர்கள் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டார்கள். உடனே ஒரு தரகர் உள்ளே நுழைந்தார். "அவர்களை விடுங்கள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் செட்டு கொண்டு வருகிறேன்" என்றார். செட்டு வந்தது. எட்டுப் பேர். அதில் இரண்டு பெண்கள், ஒருவரிடம் கைக்குழந்தை. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினால் உள்ளூர் செட்டு எதிரே நிற்கிறது. "எங்கள் வயிற்றில் அடிக்கவா வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஒருவர் தவிலின்மேல் கையை வைத்தே விட்டார்.

விஷயம் கேட்டு நாங்கள் ஓடினோம். இரண்டு தரப்பையும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தோம். தஞ்சாவூர் வாத்தியார் தமக்கு வெற்றிலை பாக்கோடு வந்த அச்சாரம் எவ்வளவு, பேசிய கூலி எவ்வளவு என்று சொன்னார். அதைக் கேட்ட உள்ளூர்த் தவில்காரர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. குழு தரகரிடம் கொடுத்த தொகை அவருக்குத் தெரியும். அவருடைய மைத்துனர் அந்தக் குழுவுக்காக வசூலுக்குப் போனவர். உள்ளூர் செட்டு கேட்ட கூலிக்கும் குழு தரகருக்குக் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தஞ்சாவூர் செட்டுக்குப் பேசியிருந்ததோ அதில் பாதிக்குச் சற்று மேல். மீதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

பெரிய போராட்டம் ஒன்றும் அன்று நடந்துவிடவில்லை. இரண்டு செட்டும் சேர்ந்து குழுப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போயின. பாக்கித் தொகையைத் தரகர் கையில் கொடுக்காமல் வாத்தியார் கையில் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கடைசி இரண்டு நாள் ஊர்வலத்துக்கு உள்ளூர்த் தவில் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். கமிஷனாகப் போனது போனதுதான், திரும்பவில்லை. தஞ்சாவூர் செட்டு தங்கியது எங்கே தெரியுமா? தவிலின்மேல் கை வைத்தாரே, அவர் வீட்டில். குழந்தைக்குத் தொட்டில் கட்டியதும் அங்கேதான்.

இதிலிருந்து எங்கள் ஆலோசனை. வெளியூர்த் தேதி ஒன்று வந்தால் முதல் வேலையாக அந்த ஊர் செட்டுக்குப் போன் செய்யுங்கள். அங்கே என்ன கூலி நடக்கிறது என்று கேளுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். "நாங்கள் வருகிறோம், உங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். கேரளத்திலிருந்து செண்டை மேளம் வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று இங்கே ஒருவர் கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் நியாயமே. ஆனால் செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பவரும் கூலிக்காரர்தான். அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தஞ்சாவூர்க் கதைதான் வரும்.

அடுத்து, பேச்சு வார்த்தை. கூலியை மட்டும் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், போக வர வண்டிச் சத்தம் யாருடையது, சாப்பாடு எத்தனை வேளை, மழையில் நின்றுபோனால் என்ன தருவார்கள், போலீஸ் அனுமதி வாங்கியாயிற்றா — இவற்றையும் கேட்கவேண்டும். பெண்கள் உடை மாற்றக் கதவு உள்ள அறை வேண்டும். இதைக் கேட்க வாத்தியார்கள் கூச்சப்படுகிறார்கள். லாரிக்குப் பின்னால் புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டு உடை மாற்றும் தங்கைக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு? சினிமாப் பாட்டுக்கு இப்படி ஆடு, அப்படி ஆடு என்று நடுராத்திரியில் வற்புறுத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள். முடியாவிட்டால் செல்போனில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். அந்த ஒரு சொல் பின்னால் உதவும்.

பறை அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேடையில் மாலை போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே தனி இலை போடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் பறை மட்டுமல்ல, கூட வந்த தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்தே எழுந்து வரவேண்டும். பறைக்காரர் தனியாக எழுந்தால் அது அவர் பிரச்னை என்று விட்டுவிடுவார்கள்.

சர்க்கார் வாசல்களும் இருக்கின்றன. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் 1986இல் ஏற்பட்டது. ஒரு மாநிலத்துக் குழுவை இன்னொரு மாநிலத்துக்கு அழைத்துப் போவது அதன் வேலைகளில் ஒன்று. கலை பண்பாட்டுத் துறைக்கு மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், இடையில் நின்றுபோய், 2023 பொங்கலில் மீண்டும் நடந்தது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் நம் ஆட்கள் ஆடினார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் செட்டின் விவரம், புகைப்படம், முன்பு ஆடிய ஊர்களின் நோட்டீஸ் வேண்டும். திருவிழா முடிந்ததும் நோட்டீஸை வடை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்! வாரிய அட்டை இல்லாதவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். 2020இல் கொரோனாவால் சித்திரை மாதத் தேதிகள் எல்லாம் ரத்தானபோது அட்டை இல்லாதவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தோம்.

அதே 2020 மார்ச்சில்தான் கலைஞர்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகையையும் மற்றப் பல சலுகைகளோடு சேர்த்து நிறுத்தினார்கள். எட்டுப் பேர் தவிலும் பம்பையும் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து தூத்துக்குடி போய்வர ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். கூலியில் எவ்வளவு மிஞ்சும்? அந்தச் சலுகையை மீண்டும் கேட்கும் மனு ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறோம். அதில் கையெழுத்து வேண்டும்.

மேஜைமேல் இரண்டு நீள நோட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் உங்கள் செட்டின் பெயர், ஊர், எத்தனை பேர், என்ன வாத்தியம், எந்த மாதங்களில் சும்மா இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மற்றொன்றில் உங்கள் பக்கத்துக் கோயில்களின் திருவிழா மாதமும், அங்கே நடக்கும் கூலியும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தும் எழுதலாம். ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கு முன் எழுதிவிடுங்கள்.