கல்லாத தரகரும் கைநழுவும் காணியும்



காணித் தரகர் படிக்க வேண்டும் என்று பேசவும் ஒரு கூட்டமா என்று வரும் வழியில் நண்பரொருவர் கேட்டார். அவருக்குரிய விடையை உங்கள் முன்னிலையில் கூறுகிறேன்.

சில ஆண்டுகளின் முன் விதவைத் தாயொருவர் என்னை நாடி வந்தார். மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தை ஒரு காணிக்கு முற்பணமாகக் கொடுத்திருந்தார். அவர் கையில் இருந்ததோ தரகர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் கடதாசி. விற்க வந்தவருக்கு அக்காணியில் பிரிபடாத பங்கு மாத்திரமே உண்டு. உடன்பங்காளி மறித்தார், விற்பனை நின்றது, முற்பணமும் திரும்பவில்லை. தேசவழமைக்குட்பட்ட காணியில் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டென்பது 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிடின் சட்டத்தில் செல்லாதென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். இவ்விரண்டையும் அத்தரகர் அறியார். அவர் கள்ளர் அல்லர். அயலவரால் மதிக்கப்படும் மனிதர். ஆனால், தம் அறியாமைக்கும் அவர் தரகுக் காசு பெற்றார். அதற்கு விலை கொடுத்தவர் அந்தத் தாய்!

உறுதி முடிக்கும் நொத்தாரிசுக்குப் பரீட்சை உண்டு. காணி அளக்கும் நில அளவையாளருக்கும் பரீட்சை உண்டு. வாங்குபவரை முதலிற் சந்தித்து, அவர் நம்பிக்கையைப் பெற்று, முற்பணத்தைக் கைமாற்றிவிடும் தரகரிடம் மட்டும் “நீர் என்ன கற்றீர்?” என்று கேட்பாரில்லை.

ஒருமுறை கற்றால் போதாதோ என்பீர்கள். போதாது. 1998இல் உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது. உறுதியைப் பதியும் பழைய முறைக்குப் பக்கத்தில் உரித்தையே பதியும் புதிய முறை தோன்றியது. 2006இல் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் வந்தது. காணித் தரகரும் அதன் கடமைகளுக்கு உட்பட்டனர். 2016இல் காலவிதிப்புச் சட்டத்துக்கு விசேட ஏற்பாடுகள் வந்தன. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் காணியை விட்டோடியோரின் உரிமையைப் பற்றியது அது. முப்பது ஆண்டுகளின் முன் கற்றதோடு நின்றவர் இவற்றை எங்ஙனம் அறிவார்? ஆகவே, கல்வி கட்டாயமாதல் வேண்டும். காலந்தோறும் தொடர்தல் வேண்டும்.

இது புதுமையன்று. சிங்கப்பூர் 2010இல் தரகர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கு தொடர்கல்வி இன்றிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான்கு ஆண்டுகளுக்கொருமுறை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க 45 மணி நேரக் கல்வி வேண்டும்.

கலிபோர்னியாவின் கதையிலே நமக்கொரு பாடமுண்டு. நிலத்தின் விலையைக் குறைக்குமெனக் கருதப்படும் இனத்தவரை ஓரயலிற் குடியேற்றத் துணைபோதலாகாதென 1924இல் அமெரிக்கத் தரகர் சபை தன் ஒழுக்கக் கோவையிலேயே எழுதி வைத்தது. 1963இல் கலிபோர்னியா வீட்டுரிமையில் இனபேதத்தைத் தடுத்துச் சட்டம் செய்தபோது, அதனைக் கவிழ்க்கும் யோசனையை அங்குள்ள தரகர் சங்கமே முன்னின்று நடத்தி, 1964இல் வாக்கெடுப்பில் வென்றது. 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்று அதனை வீழ்த்தியது. இன்று அதே மாநிலத்தில் தரகர் கட்டாயமாகக் கற்கும் பாடங்களில் பேதமின்றி வீடு காட்டுதலும் ஒன்று!

அவர்களைக் குறை கூறிவிட்டு நாம் எழுந்து போகலாமா? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம், “தம்பி, எந்த ஊர்? எந்தப் பகுதி?” என்று நம் தரகர் கேட்பதன் பொருள் இங்கு அறியாதார் யார்? சாதியை அறியும் கேள்வி அது. வாயிலைத் திறப்பவரும் தரகர், அடைப்பவரும் தரகர். அவருக்குச் சட்டம் மட்டும் போதாது. நீதியும் கற்பிக்கப்படல் வேண்டும்.

ஏழைத் தரகரின் வயிற்றில் அடிக்கிறீர் என்பார் சிலர். அப்படியன்று. பாடம் தமிழில் இருக்கட்டும். மாவட்டந்தோறும், மாலை வேளையில், கட்டணமின்றி நடக்கட்டும். எழுத முடியாத முதியவருக்கு வாய்மொழிப் பரீட்சை வைக்கட்டும். வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டு உறங்கிவிட்டுப் போகும் மணிக்கணக்கு மட்டும் வேண்டா. ஓர் உறுதியைக் கையிற் கொடுத்து, “இதில் பங்காளி யார்? தோட்டத்துக்கு வழி எது?” என்று கேளுங்கள். விடை கூறுபவருக்குப் பத்திரம் கொடுங்கள். நேர்மையான தரகருக்கு இதனால் இழப்பில்லை. அவர் பெயருக்கு மதிப்பே கூடும்.

அந்தத் தாயின் வழக்கை நடத்தினேன். பணத்தில் ஒரு பகுதி மீண்டது, காணி மீளவில்லை. தீர்ப்பன்று அவர் கேட்டார்: “ஐயா, இதை முதலிலேயே எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

சொல்ல வேண்டியவர் அறிந்திருக்க வேண்டும். அதற்கான சட்டத்தைக் கேட்கும் தீர்மானத்தை உங்கள் முன் வைத்து அமர்கின்றேன்.