பருவப் பணமும் நிலைப் பணமும்

(புதுச்சேரியில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



அறுவடைக் காலத்தில் விளைபொருள் வாங்கும் வியாபாரிகள் பாங்குகளிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கிராமங்களுக்குக் கொண்டு செல்கிறார்கள். அப்போது பாங்குகளின் கையிருப்புக் குறைகிறது. அதை நிரப்புவது மத்திய பாங்கின் பொறுப்பு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இப்புதுச்சேரியில் ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது இந்தோசீன பாங்கு. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதன்பின், 1935-இல் தோன்றிய ரிசர்வ் பாங்கே நமக்கும் மத்திய பாங்காயிற்று.

கையிருப்பை நிரப்ப அதற்கு இரு வழிகள் உண்டு. பாங்குகளிடமுள்ள சர்க்கார் கடன் பத்திரங்களை விலைக்கு வாங்குவது ஒன்று. அப்பணம் பாங்குகளிடமே நிலைத்துவிடும். பத்திரங்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுப்பது மற்றொன்று. தவணை முடிந்ததும் அப்பணம் வட்டியோடு திரும்பிவிடும். இன்று செய்தித்தாள்களில் காணும் ‘ரிப்போ’ இவ்வகையைச் சேர்ந்ததே. முன்னது நகையை விற்றுப் பெற்ற தொகை போன்றது. பின்னது அதை அடகு வைத்துப் பெற்ற தொகை போன்றது.

எதை எப்போது கையாள்வது என்பதில்தான் நலம் அடங்கியிருக்கிறது. 1951 வரை பாங்குகள் பருவத் தேவைக்காகப் பத்திரங்களை ரிசர்வ் பாங்கிடம் விற்று வந்தன. பருவம் கழிந்த பின்னும் அப்பணத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. கொரியப் போரால் விலைவாசி ஏறியிருந்த சமயம் அது. ஆகவே அவ்வாண்டு நவம்பரில் ரிசர்வ் பாங்கு தன் வட்டி விகிதத்தை 3 சதவீதத்திலிருந்து 3½ ஆக உயர்த்தியது. விசேஷ நிலைமைகளில் தவிர, பருவத் தேவைக்காகப் பத்திரங்களை வாங்காமல், அவற்றின்மேல் கடனே கொடுப்பதாகவும் அறிவித்தது. 1952 ஜனவரியில், வியாபாரத் தவணை உண்டியல்களின் பேரிலும் பாங்குகள் கடன் பெற ஒரு திட்டம் ஏற்பட்டது.

நிலைப் பணமே வேண்டாம் என்பதன்று. விளைச்சலும் வாணிபமும் ஆண்டுதோறும் பெருகும்போது பணமும் நிலையாகக் கூடவேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. கொரோனா நெருக்கடியின்போது, 2020 மார்ச்சில், பாங்குகள் ரிசர்வ் பாங்கில் கட்டாயமாக வைக்கவேண்டிய ரொக்க இருப்பு 4 சதவீதத்திலிருந்து 3 ஆக ஓராண்டுக்குக் குறைக்கப்பட்டது. அதனால் ரூ. 1,37,000 கோடி பாங்குகளின் கைக்கு வந்தது. 2021-இல் இரு கட்டங்களாகப் பழைய அளவு மீண்டும் ஏற்பட்டது.

உழவருக்கும் இதுவே நீதி. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அறுவடையில் தீரவேண்டும். கிணற்றுக்குப் பல ஆண்டுத் தவணையுள்ள கடனே ஏற்றது. பயிர்க் கடனைக் கொண்டு கிணறு வெட்டினால், கிணறு பலன் தருமுன் தவணை வந்து நிற்கும். கூட்டுறவுச் சங்கங்களில் கடன் கேட்டு வருவோர்க்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை எடுத்துரைப்பார்களாக.