மஞ்சட்காவியும் செங்காவியும்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது ஹனூர். 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தில் சேரும்வரை அப்பகுதி கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும், தைப் பொங்கலுக்குச் சுவர் பூசும் வேளையில், சுண்ணாம்பில் எந்தக் காவியைக் கலப்பது என்ற கேள்வி எழக்கூடும்.

இரண்டும் இரும்பு கலந்த மண்ணே. மஞ்சட்காவியை நன்கு சூடேற்றினால், அதனுள் பிணைந்துள்ள நீர் நீங்கிச் செங்காவியாகிவிடுகின்றது. தமிழ் இரண்டையும் காவி என்றே வழங்குவது பொருத்தந்தான். சுண்ணாம்பின் காரத்தையும் இரண்டும் தாங்கும்.

ஆயினும் அறைக்குள் புகுந்ததும் அவற்றின் குணம் வேறுபடுகின்றது. செங்காவி ஒளியை மிகுதியாக விழுங்குவது. மஞ்சட்காவியோ கணிசமாகத் திருப்பித் தருவது. ஒற்றைச் சாளரமுள்ள நாட்டோட்டு வீட்டின் உள்ளறைக்குச் செங்காவியை அடர்த்தியாகப் பூசினால், குழந்தை பாடம் படிக்கவும் பாட்டி அரிசியில் கல் பொறுக்கவும் பகலிலேயே விளக்கேற்ற நேரும். அத்தகைய அறைக்கு மஞ்சட்காவியே ஏற்றது என்பேன். வெயில் நிறைந்த கூடத்தில், சுவரின் அடியில் இடுப்பளவுக்குச் செங்காவி பூசுவது மிக அழகு, அழுக்கையும் மறைக்கும்.

கடையில் காட்டும் வண்ண அட்டையை நம்பாமல், அந்தச் சுவரிலேயே முழச் சதுரம் பூசிப் பாருங்கள். ஈரத்தில் கருத்திருக்கும் சுண்ணாம்பு வண்ணம் உலர்ந்தபின் வெளிறும். ஆதலால் மறுநாள் நண்பகலில் ஒருமுறையும், இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பார்த்த பின்னரே எஞ்சிய சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும்.